கொட்டகை தாண்டிய பாட்டு

காப்பியத்திற்குள் அடங்காமல், கதைத்தலைவனுக்குக் கைகட்டி நில்லாமல், தன் காலில் தானே நின்ற பாட்டைத் தமிழர் தனிப்பாடல் என்றனர். பசித்தபோது புலவன் பாடினான். பரிசு கிடைத்தபோது புகழ்ந்தான். கதவு அடைக்கப்பட்டபோது ஏசினான். அவற்றைப் பின்வந்தோர் தேடித் தொகுத்துத் தனிப்பாடல் திரட்டு என்று பெயரிட்டு வைத்தனர். இன்று 'சிங்கிள்' என்று நம் இளைஞர் வழங்கும் பாட்டுக்குப் புதுச்சொல் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை. பழஞ்சொல்லே பாங்காய்ப் பொருந்துகிறது. திரைப்படக் கதைக்குக் காத்திராத பாட்டு. நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டு. தனக்கென்றே எடுக்கப்பட்ட காணொளியோடு கைப்பேசியில் வந்து இறங்கும் பாட்டு!

"பொழுதுபோக்குப் பாட்டுக்கும் திறனாய்வா? நாட்டிலே வேறு வேலை இல்லையா?" என்று புருவம் நெரிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: மேடையில் ஒரு மணி நேரம் நாம் பேசும் பேச்சை ஒரே ஒருமுறை கேட்கிற இளைஞன், நான்கு நிமிடப் பாட்டை நாற்பது முறை கேட்கிறான். நாற்பது முறை காதில் விழுந்தது கருத்திலே படியாதோ? படியும். படிவது தேனா, தூசா என்று பார்ப்பது நம் வேலை.

தமிழகத்திலே பாட்டு நெடுங்காலம் சினிமாக் கொட்டகைக்குள் குடியிருந்தது. கதாநாயகன் அழச் சொன்னால் அழுதது. ஆடச் சொன்னால் ஆடியது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் போன்ற ஒருவர் வந்து, காதற்பாட்டுக்கும் நகைச்சுவைப் பாட்டுக்கும் இடையிலே பாட்டாளியின் குரலையும் உள்ளே நுழைத்துவிட்டுப் போனார். 1959இல், 29 வயதில், அவர் மறைந்தார். அதன் பிறகும் நுழைத்தவர் உண்டு. ஆனால் நுழைக்கத்தான் வேண்டியிருந்தது. கதவைத் திறந்துவைத்து யாரும் அழைக்கவில்லை. இன்றோ கணிப்பொறி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் இருந்தால் பாட்டு பிறக்கிறது. பட முதலாளியின் அனுமதிச் சீட்டு தேவையில்லை. கொட்டகையைத் தாண்டி வெளியே வந்துவிட்ட இந்தப் பாட்டு யார் குரலில் பேசுகிறது? யாரைப் படத்தின் நடுவிலே நிறுத்துகிறது? யாரை ஓரத்துக்குத் தள்ளுகிறது? இவற்றைத்தான் நாம் கேட்கிறோம்.

புதியவற்றிலிருந்தே தொடங்குவோம். 2024 ஜனவரியில் 'கட்சி சேர' வந்தது. அதே ஆண்டில் 'ஆச கூட' தொடர்ந்தது. இரண்டும் சாய் அபயங்கர் என்ற இளைஞரின் ஆக்கங்கள். தலைப்பிலே 'கட்சி' என்ற சொல்லைக் கண்டு நம் தோழர்கள் சிலர் ஆவலோடு திறந்திருக்கக்கூடும். அங்கே கொடியும் இல்லை, கோட்பாடும் இல்லை. காதலுக்கு ஆள் சேர்க்கும் கட்சி அது! இசை நன்று. ஒருமுறை கேட்டால் ஒட்டிக்கொள்ளும் சிறு மெட்டு, அதைச் சுமந்து செல்லும் தாளம், வீணான நீட்டல் இல்லாத அமைப்பு. இருபது வயதைச் சுற்றியுள்ள ஒருவர் திரையுலகின் வாசலில் காத்துக் கிடக்காமல் தானே மெட்டமைத்து, தானே பாடி, நாடெங்கும் கேட்கச் செய்தார் என்றால், அந்தத் துணிவைப் பாராட்ட நாம் தயங்க வேண்டியதில்லை.

காணொளிதான் நம்மை நிறைவு செய்யவில்லை. ஓர் ஆண், ஒரு பெண், ஓர் ஆட்டம். திரைப்படத்துக் காதற்காட்சியிலிருந்து கதையை மட்டும் கழற்றி எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ, அது இருக்கிறது. இந்தக் காதலர்கள் எந்த ஊரார்? என்ன வேலை செய்கின்றனர்? இவர்களுக்குத் தாய் தந்தை உண்டா, தெரு உண்டா, அண்டை வீட்டார் உண்டா? 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், பலர் பார்த்திருக்க, சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட நாடு இது. அந்த நாட்டிலே பாட்டுக் காதலருக்கு மட்டும் எதிர்ப்பே இல்லை; எதிர்ப்பு இல்லாததால் ஏற்றமும் இல்லை. ஆட்டப்பாட்டுக்குள் அறிக்கை எழுதச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். இளமை ஆடட்டும். ஆடும் இடம் எது என்றாவது தெரியட்டும் என்கிறோம்.

இந்த வெறுமைக்குக் காரணம் உண்டு. தனிப்பாடல்களில் பல, சினிமாவுக்குப் போடும் வேலை மனுக்களாகவே பிறக்கின்றன. மனு வெற்றி பெற்றால் மெட்டமைத்தவர் கொட்டகைக்குள் போய்விடுகிறார். சாய் அபயங்கரும் போனார். 2025இல் வெளிவந்த 'டியூட்' அவர் இசையில் வந்ததே. போவது பிழையன்று, பிழைப்பு. ஆனால் உள்ளே போவதற்காக வெளியே பாடுகிறவர், உள்ளே இருப்போருக்குப் பிடித்ததைத்தானே பாடுவார்?

உள்ளீடு இல்லாதது ஒரு குறை. உள்ளீடு இருந்தும் அது பெண்ணின் தலையிலே கல்லாய் விழுவது பெருங்குறை. தமிழ் ராப் இசைக்கு முன்னோடிகள் மலேசியத் தமிழர். யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006இல் வந்து வழிகாட்டிற்று. தமிழகத்தில் அந்த வழியை அகலமாக்கியவர் ஹிப்ஹாப் தமிழா ஆதி. தமிழ்ச் சொற்களை அந்தத் தாளத்திலே அழகாய் அடுக்கலாம் என்று பல்லாயிரம் இளைஞருக்குக் காட்டியவர் அவர். அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அவரை நாடறியச் செய்த பாட்டு எது? 'கிளப்புல மப்புல'. பண்பலை வானொலி நிலையம் ஒன்றில் அவர் பாடியது ஒளிப்பதிவாகி, 2011ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் வாய்க்கு வாய் பரவியது. கேளிக்கை விடுதியில் மது அருந்தும் பெண்களைக் கண்டு ஓர் ஆண் கொள்ளும் சீற்றமே பாட்டு. பண்பாடு போயிற்றே என்ற புலம்பலே அதன் பல்லவிப் பொருள்.

நாம் மதுவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்றால் ஆண் குடித்தாலும் கெடுக்கும், பெண் குடித்தாலும் கெடுக்கும். ஊருக்கு ஊர் மதுக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் ஆண்களைக் கண்டு அந்தப் பாடகருக்குப் பண்பாட்டு நினைவு வந்ததா? வரவில்லை. அவர்கள் குடித்தால் அது கவலை. இவள் குடித்தால் அது கலாச்சாரச் சீரழிவு! பண்பாடு என்னும் பெருஞ்சொத்தை இரவுபகலாய்க் காவல் காக்கும் வேலையைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, அதன் அதிகாரத்தை மட்டும் ஆண் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு பழையது. அதற்கு மேனாட்டுத் தாளத்தைக் கட்டிவிட்டால் புதியதாகிவிடுமா? வண்டி புதிது, ஏற்றி வந்த மூட்டை மனுவின் காலத்தது!

அந்தப் பாட்டுக்கு மறுமொழி போல் இன்னொரு பாட்டு பிறந்தது. எவரும் மறுமொழியாக எழுதவில்லை. நாம் அப்படி வைத்துக் கேட்கிறோம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை உருவாக்கினர். 'சாதியற்ற' என்னும் அந்தப் பெயருக்கு வேர், அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனை. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த மேடை. 19 பேரில் ஒரே பெண் இசைவாணி. சாவு வீட்டிலும் சந்து முனையிலும் ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் எடுத்துப் பாடினாள் என்பதே செய்தி. 'ஐயாம் சாரி ஐயப்பா' என்ற பாட்டை அவர் பாடினார். கோயிலுக்குள் நான் வந்தால் என்ன என்று ஒரு பெண் நேருக்கு நேர் நின்று கேட்பதே அதன் பொருள். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று தீர்ப்பளித்த காலத்தின் பாட்டு அது.

எவ்வளவு எளிய பாட்டு! வசை இல்லை, வன்சொல் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் கடவுளிடமே பேசிவிடுகிறது. கலைவாணர் 1949இல் 'நல்லதம்பி' படத்திலே கிந்தன் கதையைக் காலட்சேபமாக நடத்தினாரே, அந்தப் பரம்பரை. பக்தர் கையில் வைத்திருந்த வடிவத்தையே வாங்கி, அதிலே பகுத்தறிவை ஊற்றித் திருப்பிக் கொடுக்கும் கலை. சிரித்துக்கொண்டே கேட்டதால்தான் சிலருக்குச் சினம் மிகுந்தது போலும். பாட்டு வந்து ஆறாண்டு கழித்து, 2024 நவம்பரில், திடீரென்று அதைத் தோண்டி எடுத்து இசைவாணி மீது காவல் நிலையங்களில் புகார் கொடுத்தனர். கைது செய்க என்றனர். அந்தப் பெண்ணின் கைப்பேசிக்கு வசையும் மிரட்டலும் குவிந்தன. ஒரு பாட்டிலே பெண் விடுதிக்குள் போகாதே என்று ஆண் அதட்டினான், ஊர் கைதட்டியது. இன்னொரு பாட்டிலே கோயிலுக்குள் போனால் என்ன என்று பெண் கேட்டாள்; ஊர் காவலரைத் தேடியது.

கொடைக்கானல் பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அதன் பெருமை இசையில் இல்லை, விளைவில் இருக்கிறது. 2015 ஜூலை இறுதியில் சோஃபியா அஷ்ரஃப் பாடி வந்த 'கொடைக்கானல் வோன்ட்' ஆங்கிலப் பாட்டு. மெட்டும் அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜ் பாட்டிலிருந்து பெற்ற கடன். பொருளோ நம் மலையுச்சியினுடையது. இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசக் கழிவு மண்ணிலே தங்கிற்று, தொழிலாளரின் குறையும் தங்கிற்று. பல்லாண்டு ஊர்வலமும் மனுவும் எட்டாத காதுகளுக்கு அந்தப் பாட்டு எட்டிற்று. 2016 மார்ச்சில் அந்த நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளருடன் உடன்பாடு செய்துகொண்டது. பாட்டு ஒன்றே இதைச் செய்தது என்று நாம் சொல்லமாட்டோம். பதினைந்தாண்டு போராடியவர்களின் உழைப்பைப் பாடகியின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. போராட்டத்தின் கைக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கி கிடைத்தது என்று சொல்வோம்.

அடுத்த பாட்டிலே இசையும் உண்டு. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி. காணொளி இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். புறம்போக்கு என்ற சொல்லை நாம் அறிவோம். வரிக்கணக்குக்குப் புறம்பான பொதுநிலம். ஏரி, மேய்ச்சல் வெளி, இடுகாடு, ஊர்மக்கள் எல்லோருக்கும் உரியது. எல்லோருக்கும் உரியதை ஏன் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடாது என்று எண்ணியவர் கையில் நிலம் போயிற்று. சொல்லோ வசைச்சொல் ஆயிற்று. இப்போது ஒருவனைப் 'புறம்போக்கு' என்று ஏசுகிறோம். பொதுச்சொத்து இழிவானது என்று ஒரு சமுதாயம் தன் நாவுக்கே கற்றுக்கொடுத்துவிட்ட கொடுமையை நிகண்டுகள் சொல்லாது. இந்தப் பாட்டு சொல்கிறது.

எண்ணூர்க் கழிமுகத்திலே நின்று பாடுகிறார். பின்னணியிலே அனல்மின் நிலையம். காணொளியில் ஓரிடத்தில் நச்சுக்காற்றுக்கு அஞ்சும் முகமூடியை மாட்டிக்கொண்டே பாடுகிறார். ஆனால் நமக்குப் பெரிதாய்ப் பட்டது வேறொன்று. 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்தில் இருந்த வழக்கு என்ன? சங்கீத மேடையிலே தமிழ் பாடலாமா, பாடினால் தரம் குறையாதா என்பது! அந்த இசையின் அதே இராகங்களிலே, 2017இல், சென்னைத் தெருவின் பேச்சுத் தமிழ் கூச்சமின்றி நடந்து வருகிறது. இலக்கணத் தமிழ்கூட அல்ல. மீன் விற்பவளும் மிதிவண்டி பழுதுபார்ப்பவனும் பேசும் தமிழ். 2015 டிசம்பரில் வெள்ளத்திலே மிதந்த நகரத்துக்கு, ஏரி எங்கே போயிற்று என்று அந்தத் தமிழில் கேட்டால்தான் உறைக்கும். ஒரு குறையும் சொல்ல வேண்டும். படத்தின் நடுவிலே நிற்பவர் பாடகர். எண்ணூரில் மூச்சுவிடுபவர்கள் அவருக்காகப் பேச அழைக்கப்படவில்லை. அவர்களுக்காக அவர் பேசுகிறார். அன்பான பேச்சுத்தான். ஆயினும் பிறர் வாய்ப்பேச்சு.

தம் வாயாலேயே பேசிய பாட்டு 2021 மார்ச் 7 அன்று வந்தது: 'என்ஜாய் எஞ்சாமி'. தீயும் அறிவும் பாடினர். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அமித் கிருஷ்ணன் காணொளி இயக்கினார். அறிவு அரக்கோணத்துக்காரர், மேலே சொன்ன சாதியற்றோர் குழுவிலே பாடியவர், 2019இல் 'தெருக்குரல்' தொகுப்பைத் தந்தவர். இந்தப் பாட்டுக்கு ஊற்றுக்கண் அவர் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துத் திரும்பியவர்.

'சாமி' என்ற சொல்லைக் கண்டதும் நம் தோழர்கள் சிலர் முகம் சுளித்தனர். சுளிக்க வேண்டாம். கோயிலில் இருக்கும் சாமி அல்ல இது. நிலம் இல்லாதவன் நிலம் உள்ளவனை இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு அழைத்தானே, அந்த 'சாமி'. அதே சொல்லைக் குடிசைக்குள் வந்ததும் பாட்டி தன் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதற்கு எடுத்துக்கொள்கிறாள்: என் சாமி! வெளியே அடிமைச்சொல், உள்ளே அன்புச்சொல். பண்ணையாருக்குக் கொடுக்க வேண்டியிருந்த மரியாதையை, மனம் பொறுக்காமல், தன் மடியிலே கிடக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள் அந்தக் கிழவி! அந்தச் சொல்லை மகுடமாக்கியதிலேயே பாட்டின் பாதி வெற்றி அடங்கிவிட்டது.

மறுபாதி அதன் வரலாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் கப்பலேற்றப்பட்ட தமிழர் இலங்கை மலையகத்தைக் காடழித்துத் தோட்டமாக்கினர். 1948இல் அந்த நாடு விடுதலை பெற்ற ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம்! மூட்டைகளைப் பங்கிடுவதுபோல் மக்களைப் பங்கிட்டனர்; மூட்டையைக் கேட்டுப் பங்கிடும் வழக்கம் இல்லையல்லவா? உழைத்தவன் ஒருவன், உண்டவன் வேறொருவன் என்ற அந்தக் கணக்கைத்தான் பாட்டு திரும்பத் திரும்பச் சொல்கிறது. தாளம் துள்ளுகிறது, தீயின் குரல் பறவைபோல் கூப்பிடுகிறது, ஆட எழுந்தவன் கால் தரையில் பதியும்போது ஒப்பாரி வந்து பிடித்துக்கொள்கிறது. திருமண வீடுகளிலே இந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். ஒப்பாரிக்கும் சேர்த்தே ஆடினார்கள். அதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? ஒப்பாரி என்று அறிவித்துவிட்டுப் பாடியிருந்தால் 40 கோடிக்கு மேற்பட்ட முறை யார் திறந்து பார்த்திருப்பார்கள்? காணொளியிலே ஒப்பனை மிகுதி என்பது நம் குறை. உடையும் நிறமும் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு, உழைப்பின் வியர்வை தெரியவில்லை.

ஆனால் ஒப்பனையைவிடப் பெரிய கேடு பின்னால் வந்தது. 2021 ஆகஸ்டில் ஆங்கில இசை ஏடான ரோலிங் ஸ்டோன் இந்தியா தன் அட்டையிலே தீயையும், ஷான் வின்சென்ட் டி பால் என்ற மற்றொரு கலைஞரையும் அச்சிட்டது. பாட்டை எழுதிப் பாடிய அறிவின் முகம் அங்கே இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாய்க் கேட்டார், கண்டனம் எழுந்தது, பின்னர் அறிவின் படத்தோடு மின்னிதழ் அட்டை ஒன்று வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழா. உலகமே பார்த்த மேடையில் இந்தப் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லை. சில நாள்களில், மெட்டும் சொல்லும் தம்முடையவை என்று அவர் எழுதினார். இசையமைப்பு தம்முடையது, உழைப்பு மூவருடையது என்று சந்தோஷ் நாராயணன் மறுமொழி தந்தார். தீயும் தம் பக்கத்தைச் சொன்னார்.

மெட்டு யாருடையது என்ற வழக்கிலே நாம் நீதிபதி நாற்காலியில் அமரவில்லை. ஒலிப்பதிவு அறைக்குள் நடந்தது அங்கே இருந்தவர்க்கே தெரியும். ஆனால் அட்டைப்படம் அறைக்குள் நடந்ததல்ல. கண்ணுள்ளவர் எல்லோரும் கண்டது. பெயர் அழிக்கப்பட்டவர்களைப் பற்றிய பாட்டிலே, அதை எழுதியவர் பெயர் அழிந்தது தற்செயல் என்றால், நாட்டிலே தற்செயல்கள் ஏன் எப்போதும் ஒரே திசையில் நடக்கின்றன? அட்டைக்கு எந்த முகம் விற்கும் என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை அவர்கள் தனியே கண்டுபிடிக்கவில்லை. பள்ளியிலும் அலுவலகத்திலும் மணமேடையிலும் நாம் எல்லோரும் தலைமுறை தலைமுறையாய்ப் போட்ட கணக்கு அது.

பணக் கணக்கு இன்னும் வேடிக்கை. இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை ஒரு காசும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். வெளியிட்ட நிறுவனம் தன் விளக்கத்தைத் தந்தது. மெட்டு என்னுடையது என்றவர் ஒருபுறம், இசை என்னுடையது என்றவர் மறுபுறம். இருவர் கையும் வெறுங்கை! கொட்டகை முதலாளியைத் தாண்டி வந்தால், வாசலிலே இணைய முதலாளி நிற்கிறார். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியாவது கண்ணுக்குத் தெரிந்தான்.

பாடகர் சங்கங்களும் இளம் இசைக்குழுக்களும் இதிலே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பாட்டு பதிவாகும் முன்னரே, சொல் யாருடையது, மெட்டு யாருடையது, வருவாயில் பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். நட்பு கெட்டுவிடும் என்று கூசுகிறார்கள். எழுதாததால் கெட்ட நட்பு கண்ணெதிரே இருக்கிறது.

இந்தப் பாட்டை இன்னும் கேளாதவர் நம் வாசகரில் எவரேனும் இருப்பின், வெளிநாட்டு இசைக்கலைஞர் டிஜே ஸ்னேக் செய்த மறுகலவைக்கு முதலில் போக வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த மூலக் காணொளியையே காண்க. வள்ளியம்மாளின் முகம் அதிலேதான் இருக்கிறது.